தாராக் குஞ்சுகளின் வழியில் ஒரு கையெழுத்து

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கையெழுத்தின் பொருட்டு நான் இரண்டு முறை யாழ்ப்பாணம் போயிருக்கிறேன். முதல் முறை அதைப் போடுவதற்கு. இரண்டாம் முறை, போட்டது நான்தான் என்று கோர்ட்டில் ஒப்புக்கொள்வதற்கு.

கடலை எப்படிக் கடந்தேன், எந்தச் சீட்டு, எத்தனை முத்திரை என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். படிப்பவர்களுக்கு அது வேண்டாம், எனக்கும் நினைக்க இஷ்டமில்லை. நான் வேதாரண்யத்துக்காரன். காடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தாளில் கோடு போடுவது என் உத்தியோகம். எங்கள் பக்கத்துப் பறவைக் காட்டுக்கு எல்லை போட்ட கதையை ஒரு பத்திரிகையில் சின்னதாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கோப்பாயிலிருந்து ஒரு பெண்மணி கடிதம் போட்டார். பரமேஸ்வரி என்று பெயர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவர். ஊரே அவரை ரீச்சர் என்கிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். தன்னுடைய பனங்கூடல் என்கிற பனந்தோப்பையும் பக்கத்துக் குளத்தையும் சேர்த்துச் சரணாலயம் ஆக்க வேண்டும், அரசாங்கம் எல்லைப் படம் கேட்கிறது, வரைய ஆள் கிடைக்கவில்லை, வருவீர்களா என்று கேட்டிருந்தார். வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால் யாருக்குத்தான் தலை கனக்காது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள் பஸ்ஸில் போயிற்று. யாழ்ப்பாண நகரத்திலிருந்து கோப்பாய் பக்கம்தான். ஆனால் மார்கழி மழை. நல்லூர் தாண்டியதும் பஸ் இருமிவிட்டு நின்றது. இறங்கித் தள்ளினோம். என் வெள்ளை வேட்டி முழங்கால் வரை செம்மண்ணாயிற்று. மறுபடி கிளம்பி, ஒருவர் விதை வெங்காய மூட்டைகளை ஏற்றுவதற்காக நின்றது. பஸ்ஸில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எல்லோருக்கும் வெங்காயப் பேச்சுத்தான். அந்த நாட்டில் அப்போது வெளிநாட்டு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தடை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் காட்டில் மழை.

"உங்கடை நாட்டு வெங்காயத்தை நிப்பாட்டினது எங்களுக்கு நல்லதாய்ப் போச்சு," என்றார் பக்கத்தில் இருந்தவர், நான் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு. கோபமில்லாமல், ஒரு நல்ல செய்தியைப் பகிர்ந்துகொள்வது போலச் சொன்னார்.

ஜன்னலில் பார்த்தால் வேலி. அந்தப் பக்கம் பார்த்தால் அங்கும் வேலி. எங்கள் ஊரில் வேலி என்றால் நாலு முள்ளை வெட்டிப் போடுவது. ஆடு தாண்டும், அதன் பின்னால் ஆட்டுக்காரனும் தாண்டுவான். இங்கே ஆள் உயரத்துக்கு மேல் பனை ஓலையை அடுக்கிக் கட்டி, அடியில் மண் அணைத்து, நடுநடுவே உயிருள்ள மரக் கிளைகளைத் தூணாக நட்டிருக்கிறார்கள். அந்தக் கிளைக்குக் கதியால் என்று பெயர். அது வேர் விட்டுத் தழைத்துவிடும். ஒரு எறும்பு போவதற்கு வழி இல்லை.

"ஊர் எங்கேங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"உதுதான் ஊர். வேலிக்கு அங்காலை இருக்கு," என்றார்.

ரீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். தனியாக இருப்பவர். தனித்திருக்கும் பெண் வீட்டில் ஆண்பிள்ளை தங்குவது அங்கும் வழக்கமில்லை என்பதால் எனக்கு எதிர்வீட்டு முன்னறையில் ஏற்பாடு. சாப்பாடு ரீச்சர் வீட்டில். அன்று மாலை ஒடியல் மாவில் புட்டு. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு அது. அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் பெரிய தட்டுப்பாடு, பாண் என்கிற ரொட்டி வாங்க வெள்ளெனவே வரிசையில் நிற்க வேண்டும் என்றார். புட்டில் லேசாக ஒரு கசப்பு.

"முதல் வாய்தான் கைக்கும் ஐயா. பேந்து தெரியாது," என்றார் ரீச்சர்.

கடைசி வாய் வரைக்கும் தெரிந்தது. ஆனால் கத்தரிக்காய்ப் பால்கறி அபாரம், அதை வைத்துச் சமாளித்துக்கொண்டேன்.

கை கழுவக் கிணற்றடிக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கிணற்றுக்கு நடுவே வேலி. வட்டக் கிணறு, அதன் வாய் மேல் ஒரு பனஞ்சலாகையைக் குறுக்கே போட்டு, அதில் ஓலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாதிக் கிணறு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ வாளியை விடும் சத்தம் கேட்டது.

"அது என்ரை அண்ணை," என்றார் ரீச்சர். "கனகசபை. பங்குக் கிணறு. ஒன்பது வருஷமாய் நாங்கள் கதைக்கிறேல்லை. ஆனால் தண்ணி ஒண்டுதான்."

இரண்டாம் நாள் காலையில் மழை வெறித்திருந்தது. ரீச்சர் வீட்டுக்குப் பின்னால்தான் பனங்கூடல். அவருடைய சீதனக் காணி. கலியாணம் நடக்கவில்லை, காணி மட்டும் தங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அண்ணனின் காணியையும் சேர்த்துக் கேட்டார்களாம், அதோடு கலியாணப் பேச்சும் அண்ணனோடு பேச்சும் முறிந்ததாம். இதை அவர் வேறு யாருடைய கதையோ போலச் சொன்னார்.

பனங்கூடலில் தலை முறிந்த பனைகள் கொஞ்சம் நின்றன. உச்சி உளுத்துப் பொந்தாகிவிட்டவை. அந்தப் பொந்துகளில் மரத்தாரா முட்டையிடும். செம்பழுப்பு நிறம், நீண்ட கழுத்து, பறந்தால் சீழ்க்கை அடிக்கும். எங்கள் பக்கத்தில் சிறகி என்போம். குஞ்சு பொரிந்த மறுநாளே தாய் கீழே இறங்கி நின்று கூப்பிடும். குஞ்சுகள் அத்தனை உயரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குதிக்கும். பஞ்சு மாதிரி விழுந்து, எழுந்து, தாய்க்குப் பின்னால் குளத்துக்கு நடக்கும். குளத்துத் தண்ணீர்தான் அவற்றுக்குச் சோறு.

குளம் இருப்பது கிழக்கே தரவையில். தரவை என்றால் மாடு மேயும் ஈரவெளி, அதற்கப்பால் உப்புக் கடல்நீர். பனங்கூடலுக்கும் குளத்துக்கும் இடையில் கனகசபையின் காணி. பற்றைக்காடாகக் கிடந்தவரை குஞ்சுகள் அதன் வழியாகத்தான் நடந்தன. வெங்காயம் விலை ஏறியதும் அவர் அதைத் திருத்தித் தோட்டமாக்கினார். தோட்டம் என்றால் வேலி. ரீச்சர் என்னை அந்த வேலியடிக்குக் கூட்டிப்போய்க் குனிந்து காட்டினார். ஓலையின் அடியில், போன வருடத்து மண்ணில், காய்ந்த சருகு மாதிரி ஏதோ கிடந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் அலகு தெரிந்தது.

"மூண்டு மாரி பார்த்திட்டன் ஐயா," என்றார். "வேலி நீளத்துக்கு ஓடித் திரியும். தாய் அங்காலை பறந்து போய்க் கூப்பிடும். பின்னேரத்துக்குள்ளை காகம் துடைச்சுப் போடும். தரவையையும் குளத்தையும் குத்தகைக்குத் தரச் சொல்லி ஆக்கள் மனுப் போட்டிருக்கினம். அதுவும் தோட்டமாய்ப் போச்செண்டால் எல்லாம் சரி."

அன்று மத்தியானம் முழுக்கத் தாளை விரித்துவைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பனங்கூடலைத் தனியாகவும் குளத்தைத் தனியாகவும் காப்பாற்றிப் புண்ணியமில்லை. படுக்கை ஒரு தெருவில், அடுப்பு ஒரு தெருவில் இருந்தால் பிள்ளை பட்டினிதான். இரண்டையும் இணைக்க உங்கள் அண்ணன் காணியில் ஒரு நாடா வேண்டும். வண்டிப் பாதை அகலம் போதும். அதில் பற்றை வளர விட வேண்டும், பருந்தின் கண்ணுக்குத் தெரியாமல் குஞ்சு போக. ரீச்சர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடைசியில் பென்சிலைக் கீழே வைத்தார்.

"உதை அண்ணையிட்டை ஆர் கேக்கிறது?" என்றார்.

நான் கேட்கிறேன் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம்.

மூன்றாம் நாள் கனகசபை வீட்டுக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம்தான் வீடு, ஆனால் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். முரட்டு ஆசாமியை எதிர்பார்த்துப் போனவனுக்கு ஏமாற்றம். மெலிந்த மனிதர், நெற்றி நிறைய விபூதி, கதிரையை அவரே தூக்கிவந்து போட்டு உட்காரச் சொன்னார். சாப்பிட்ட பிறகுதான் பேச்சு என்றார். முருங்கைக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், சொதி. தட்டுப்பாட்டுக் காலத்தில் எனக்காகச் சோறு. இரண்டாம் முறை நான் கேட்காமலே போட்டார்.

"தாராக் குஞ்சு வெங்காயம் தின்னாது எண்டு எனக்குத் தெரியாதோ," என்றார் பிறகு. "அதுகள் சாகிறது எனக்கும் மனவருத்தம்தான். ஆனால் வேலியிலை பொட்டு விடச் சொல்லுறியள். உங்கை வாங்கோ, ஒண்டு காட்டிறன்."

வேலியில் விடும் சின்னத் துவாரத்தைப் பொட்டு என்கிறார்கள். என்னை வீட்டின் மேற்கே கூட்டிப்போனார். அங்கே அவர் காணியை அறுத்துக்கொண்டு ஒரு தெரு போனது. சைக்கிளில் இரண்டு பேர் போனார்கள்.

"எங்களைப் பெத்த ஐயா காலத்திலை பக்கத்து வீட்டுப் பசு ஒண்டு வந்துபோக இரக்கப்பட்டு விட்ட பொட்டு. பசுவுக்குப் பின்னாலை ஆள் வந்தான். பத்து வருஷம் நடந்தான். பேந்து வழக்கு. நடந்த வழி அவன்ரை உரித்து எண்டு தீர்ப்பு. அந்தப் பசுவின்ரை பொட்டுத்தான் இண்டைக்கு றோட்டு."

எங்கள் ஊரில் நான் போட்ட எல்லைக் கோட்டை மானும் மதிப்பதில்லை, விறகு பொறுக்கும் கிழவியும் மதிப்பதில்லை. அதை ஒரு குறையாகத்தான் நினைத்திருந்தேன். கோட்டை இவ்வளவு மதிக்கிற மனிதர்களை அன்றுதான் பார்த்தேன்.

ஆனாலும் விடாமல் பேசினேன். நாடா சரணாலயத்துக்குச் சேர்ந்துவிடும், தனி ஆள் யாரும் உரிமை கொண்டாட முடியாது என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ரீச்சரின் வாளி கிணற்றில் விழும் சத்தம் கேட்டது.

"சரி, குடுக்கிறன்," என்றார். "அவளுக்கில்லை, அந்தச் சீவன்களுக்கு. ஆனால் என்ரை பிறக்கிராசி ஓமெண்டு சொல்லவேணும்."

பிறக்கிராசி என்றால் வக்கீல். போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்லாம். விட்டுப்போனவற்றில் அதுதான் நீண்ட ஆயுசு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

நான்காம் நாள் கனகசபையும் நானும் பட்டணம் போனோம். கோர்ட்டுக்கு எதிரே சைவச் சாப்பாட்டுக் கடையில், தட்டுப்பாட்டால் இன்று சோறு போட அரசாங்கம் விடாது என்று சொல்லி மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கொண்டுவந்து வைத்தார்கள். சம்பலின் உறைப்பில் கண்ணில் நீர் வந்தது. அந்தக் கண்ணோடுதான் பிறக்கிராசியின் கந்தோருக்குள் நுழைந்தேன்.

அவர் என் படத்தை மேசை லாச்சியிலிருந்து எடுத்த பூதக்கண்ணாடியால் பார்த்தார். நாடா பனங்கூடலைத் தொடும் இடத்திலும் குளக்கரையைத் தொடும் இடத்திலும் நான் கோட்டைத் திறந்து விட்டிருந்தேன்.

"இந்த இரண்டு முனையையும் மூடவேணும்," என்றார். "நாலு பக்கமும் வேலி. இல்லாட்டி உது ஒரு காணியிலை இருந்து குளத்துக்குப் போற பாதை. நாளைக்கு மாட்டுக்காரன் வந்து நிப்பான்."

"மூடினால் குஞ்சு எப்படிங்க போகும்?"

"தாரா பறக்கும்தானே?"

"பறப்பது தாய். குஞ்சு நடக்கும்."

"அப்ப வளர்ந்தாப் பிறகு போகட்டும்," என்றார் பிறக்கிராசி. பகிடி இல்லை. முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது கனகசபை என் தோளைத் தொட்டார்.

"ஐயா, படத்திலை மூடிவிடுங்கோ. நிலத்திலை நான் ரண்டு முனையிலையும் ஓலையின்ரை அடியை ஒரு சாண் தூக்கிக் கட்டிறன். குஞ்சு போகும், மாடு போகாது. ஆருக்குத் தெரியப் போகுது. என்ரை வாய்ச்சொல்லு."

எனக்கு ஒப்பவில்லை. இல்லாததை வரையலாமா, இருப்பதை வரையாமல் விடலாமா? வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து என் தொழில் அப்படி இல்லை. ரீச்சரிடம் சொன்னேன். அவர் நான் சொன்ன மற்ற எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"அண்ணை வாயாலை சொன்னவரோ?" என்றார்.

"ஆமாம்."

"அப்ப காணும், வேறை ஒண்டும் வேண்டாம். கையெழுத்தை வையுங்கோ."

அப்போது கிணற்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தங்கச்சி, வாளிக் கயிறு இத்துப் போச்சு. புதுசு ஒண்டு போட்டிருக்கிறன்," என்று குரல் வந்தது. ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு. ரீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓம் அண்ணை," என்றார். இதற்கு மேல் நான் என்ன நியாயம் பேசுவது. இரண்டு முனையையும் மூடி, கீழே ஆற அமரக் கையெழுத்துப் போட்டேன். நன்றாக வந்திருந்தது.

ஐந்தாம் நாள் கொழும்பிலிருந்து வனவிலங்கு இலாகா அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர், சேற்றில் இறங்க மட்டும் மனமில்லை. ஜீப்பின் மூக்கில் படத்தை விரித்துவைத்துப் பார்த்தார். அவருக்கும் டிரைவருக்கும் சிங்களத்தில் நடந்த பேச்சை, கூட வந்த கிளார்க் எனக்குப் பிறகு சொன்னார்.

"இங்கே மிருகம் ஏதாவது இருக்கிறதா ஐயா?" என்று டிரைவர் கேட்டாராம்.

"தெரியாது. எல்லைக் கோடு சுத்தமாக இருக்கிறது, அது போதும்," என்றாராம் அதிகாரி.

அன்று அது எனக்குப் பாராட்டாகத்தான் பட்டது. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஆறாம் நாள், நான் கிளம்புகிற அன்று காலை, ரீச்சர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். ஓடிப்போனோம். தாய்த் தாரா பனைக்கடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மேலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. விழுந்த ஒவ்வொன்றும் ஒரு நொடி அசையாமல் கிடந்து, பிறகு எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. தாய் வேலியை நோக்கி நடந்தது. கனகசபை சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ஓலையின் அடி ஒரு சாண் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. தாய் தலையைத் தாழ்த்தி நுழைந்தது, பின்னால் வரிசையாகக் குஞ்சுகள். வேலிக்கு மேலே, எதிலோ ஏறி நின்ற கனகசபையின் தலை தெரிந்தது.

"எல்லாம் வந்திட்டுது தங்கச்சி," என்றார். நான் அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஊர் திரும்பி இரண்டு வருடம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். இரண்டு துண்டுகளை இணைப்பது எப்படி என்று சின்னப் பையன்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். பிறகு ரீச்சரின் கடிதம் வந்தது. சாட்சி சொல்ல வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

நடந்தது இதுதான். கனகசபையின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கொழும்பில் கணக்கர். தோட்டம் சீதனம், நாடா ஓடும் நிலமும் பத்திரத்தில் அதோடுதான். மாப்பிள்ளை வீட்டார் காணி உறுதிப் பத்திரத்தையும் என் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு காணியைச் சுற்றி வந்தார்கள். படத்தில் இல்லாத பொட்டு நிலத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வழி, வாய்க்கால் வில்லங்கம் இல்லாத காணிதான் வேண்டும் என்றார்கள். தாலி கட்டுவதற்கு முந்தின வாரம் கனகசபை தன் கையாலேயே இரண்டு பொட்டையும் அடைத்தார். மழை வந்தது, குஞ்சு இறங்கும் காலம் வந்தது. ரீச்சர் கத்தியை எடுத்துப்போய் வேலியை வெட்டித் திறந்தார். மருமகன் அதைத் திரும்ப அடைத்துவிட்டு வழக்குப் போட்டார்.

இரண்டாம் பயணத்தில் சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இம்முறை பஸ் எங்கும் நிற்காமல் போனது, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

கோர்ட்டில் கனகசபையை முதலில் கேட்டார்கள். பொட்டு விடுவதாக நீங்கள் சொன்னீர்களா? அவர் கூண்டின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஞாபகம் இல்லை," என்றார். மகள் பின்பெஞ்சில் புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். அவர் வேறு என்ன சொல்ல முடியும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்து நான். அதே பிறக்கிராசி, இப்போது மருமகன் பக்கம்.

"இது உங்கடை கையெழுத்தோ?"

"ஆமாம்."

"இந்தப் படத்திலை எங்கையாவது பொட்டுக் காட்டியிருக்கோ?"

"படத்தில் இல்லை. ஆனால் நிலத்தில் இருந்தது. குஞ்சுகள் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்."

அவர் படத்தை மெதுவாக மடித்தார்.

"அப்ப, நீங்கள் கையெழுத்து வைச்சுக் குடுத்த படம் பிழை எண்டு சொல்லுறியள். நல்லது. இந்தப் படத்தை வைச்சுத்தான் அரசாங்கம் பனங்கூடலையும் குளத்தையும் சரணாலயம் எண்டு அறிவிச்சது. படம் பிழையெண்டால் அந்த அறிவிப்பு என்னமாதிரி நிக்கும்? யோசிச்சுச் சொல்லுங்கோ. படம் சரியோ, பிழையோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிழை என்றால் எல்லாம் போச்சு. குளத்தைக் குத்தகைக்குக் கேட்டவர்கள் கோர்ட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். சரி என்றால் அந்த ஒரு சாண் போச்சு. நான் ரீச்சரைப் பார்த்தேன். அவர் நீதிபதியையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, சரி என்பதுபோல் மெல்லத் தலையை அசைத்தார்.

"படம் சரி," என்றேன்.

தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. வெளியே வந்ததும் கனகசபை என்னிடம் வந்தார். "வந்தனீங்கள், வீட்டை வந்து சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்," என்றார். நான் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தேன்.

மறுநாள் காலையில் விடைபெறப் போனபோது ரீச்சர் கிணற்றடியில் குனிந்து நின்றார். வேலியோரமாகவே ஓடி வந்த குஞ்சுகள் அவர் வீட்டு வளவுக்குள் புகுந்திருந்தன. பொட்டு இருந்த இடத்தில் மூன்று கதியால்கள் நெருக்கி நடப்பட்டு, துளிர்கூட விட்டிருந்தன. தாய் எங்களைக் கண்டு வேலியைத் தாண்டிக் குளத்துப் பக்கம் பறந்துபோயிற்று. ரீச்சர் குஞ்சுகளைப் பிடித்து ஓலைக் கடகத்தில் போட்டு, மேலே துணியால் மூடினார்.

"தெருவாலை சுத்திக் கொண்டுபோய்க் குளத்திலை விடுவம்," என்றார். "வாங்கோ ஐயா, கெதியாய்."

கடகத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் ஓட்டமும் நடையுமாகப் போக, நான் பின்னால் போனேன். தெரு சுற்று அதிகம். இரண்டு பக்கமும் வேலி. தரவையில் குஞ்சுகூட நுழைய முடியாத கம்பி வலை வேலியும் பெரிய பலகையும் இருந்தன. உட்பிரவேசிப்பதும் உயிரினங்களைத் தொடுவதும் குற்றம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே காக்கிச் சட்டையில் காவலாளி. நடுவயதுக்காரர், மகளை ரீச்சரிடம் படிக்க அனுப்பியவராம். எழுந்து நின்று கும்பிட்டார். கடகத்துக்குள்ளிருந்து சத்தம் கேட்டதும் முகம் மாறியது.

"உள்ளுக்கை விடேலாது ரீச்சர்," என்றார்.

"குஞ்சுகளை மட்டும் விட்டிட்டு வாறன் தம்பி. தாய் அந்தா கூப்பிடுது."

"கேக்குது. என்ன செய்யிறது. பிடிக்கிறதே குற்றம், நான் அதைக் காணேல்லை எண்டு விடுறன். ஆனால் ஆளை உள்ளுக்கை விட்டால் என்ரை வேலை போயிடும். நீங்கள் கேட்டு வாங்கின சட்டம்தானே ரீச்சர். உங்களை விட்டால் நாளைக்கு எல்லாரையும் விடவேணும்."

"கோடு எதாலை போகுது? வெளியிலை நிண்டு தண்ணிக்கை விடக்கூடிய இடம் ஒண்டும் இல்லையோ?"

அவருக்கும் மனசு கேட்கவில்லை. குடிசைக்குள் போய் ஒரு படத்தைக் கொண்டுவந்து விரித்தார். என் படத்தின் பிரதி. குளத்தைச் சுற்றி ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் கோடு ஓடியது. விரலால் அதைச் சுற்றிக்கொண்டே வந்து, புறப்பட்ட இடத்திலேயே நிறுத்தினார்.

"இல்லை ரீச்சர். எல்லாம் வடிவாய் மூடியிருக்கு," என்றார். பிறகு, எங்களைச் சமாதானப்படுத்துவதற்கு வேறு ஒன்றும் அகப்படாமல், மூலையைக் காட்டினார். "உந்தக் கையெழுத்தைப் பாருங்கோ. அச்சடிச்ச மாதிரி."

"அது இந்த ஐயாவின்ரை," என்றார் ரீச்சர்.

காவலாளி என்னை மரியாதையோடு பார்த்தார். "மெத்த வடிவு ஐயா," என்றார்.

பழக்கதோஷத்தில் நான் நன்றி சொன்னேன்.